மூர்த்தி சாரின் கோட்டில் நான்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், தோளில் பெரிய கேமரா மாட்டிய இரண்டு பெண்கள் என் இஸ்திரி வண்டிக்கு எதிரில் வந்து நின்றார்கள். நான் ஒரு சட்டையின் காலரில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தேன். ஆவி எழும்பியதும் ஒரு பெண் கேமராவைத் தூக்கினாள். சட்டென்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "பேடாம்மா, பேடா!" என்றேன். கன்னடத்தில் வேண்டாம் என்பதற்கு அப்படிச் சொல்ல வேண்டும். குரல் அதட்டலாகப் போய்விட்டது. "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் நகர்ந்தார்கள்.

பக்கத்து டீக்கடைக்காரர் சிரித்தார். "இன்னா குமாரு, திருடன் மாதிரி மூஞ்சிய மறைக்கிற? போட்டோ தானே?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் கொடுத்த டீயை நான் பாதியில் வைத்துவிட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் சாரும் நானும் ஏழாவது வரை ஒரே பெஞ்சு. "பசங்க கையெழுத்துப் பத்திரிகை போடுதுங்கடா, பெங்களூரப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடு" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். மெட்ரோ ரயிலையும் கண்ணாடிக் கட்டடங்களையும் நீங்கள் போனிலேயே பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நான் புதிதாக எதைச் சொல்ல? ஒரு போட்டோவைப் பற்றித்தான் எழுத வருகிறது. எழுத்துப் பிழைகளை சார் திருத்திவிடுவார். மற்றதை அவர் திருத்த வேண்டாம்.

2

குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மாமா ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அவரிடம் தொழில் கற்றேன். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகி, இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டி, மரத்தடியில் என் வண்டி நிற்கிறது.

அந்த இடம் என்னுடையது இல்லை. நடைபாதை வியாபாரிகளுக்கான அட்டை வாங்க எத்தனையோ முறை ஆபீசுக்கு நடந்துவிட்டேன். ஒரு தடவை ஆதாரில் பழைய விலாசம் இருந்தது. இன்னொரு தடவை என் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு போனால் எழுதுகிறவர் லீவு. "நாளே பா" என்பார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். அட்டை இன்னும் வரவில்லை. "இவர் நம்ம ஆள், இருக்கட்டும்" என்று குடியிருப்புக்காரர்கள் சொல்வதால் நான் இருக்கிறேன். ஒருநாள் வேண்டாம் என்றால், அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பின்னால் நான் செய்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரே நாளில் நாலு பேச்சு பேச வேண்டியிருக்கிறது. வாட்ச்மேனிடம் கன்னடம். கரிக்கடை பாயிடம் உருது கலந்த ஒரு பாஷை. மாடி வீட்டு அம்மாக்களிடம் "டென் மினிட்ஸ் மேடம்." வீட்டுக்குப் போனால் தமிழ். அந்தத் தமிழும் இப்போது எனக்கும் என் மனைவி கஸ்தூரிக்கும் மட்டும்தான் முழுசாக இருக்கிறது. எங்கள் மகள் திவ்யா காலேஜில் படிக்கிறாள். தோழிகளோடு போனில் பேசும்போது கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். நடுவில் நான் என்னவென்று கேட்டால், "உனக்குப் புரியாதுப்பா" என்பாள். கோபத்தில் சொன்னாலாவது பதிலுக்குக் கோபப்படலாம். அவள் அன்பாகத்தான் சொல்வாள்.

3

போட்டோ எடுப்பது அவளுக்கு காலேஜில் பிடித்துக்கொண்ட பழக்கம். ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத் தெருவாகப் போவார்கள். மற்றவர்களிடம் கேமரா இருக்கும். இவளிடம் பழைய போன்தான்.

ஒரு வாரம் கூட்டத்தோடு போகாமல் தனியாக மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்றாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். நான் நினைத்திருந்த போட்டோ வேறு. நம் ஊரில் போட்டோ என்றால் ஸ்டுடியோதான். தலையைச் சீவி, பவுடர் பூசி, மலையும் அருவியும் வரைந்த துணிக்கு முன்னால் நிற்க வேண்டும். "மோவாயத் தூக்கு, மூச்ச அடக்கு" என்பார் போட்டோக்காரர். என் அப்பா அம்மாவுக்கு இருக்கும் ஒரே படத்தில் இருவரும் மூச்சடக்கித்தான் நிற்கிறார்கள். அப்பா சிரித்தால் முன்பல்லில் ஒரு இடைவெளி தெரியும். அந்தப் படத்தில் அது இல்லை.

திவ்யாவோ யாரையும் நிற்கச் சொல்லவில்லை. பூக்கடைகளுக்கு நடுவில் ஒரு தூண் ஓரமாகப் போய், அங்கே வேலை ஏதோ இருக்கிற மாதிரி நின்றுகொண்டாள். நான் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"யாருக்காக நிக்கிறோம் கண்ணு?"

"தெரியாதுப்பா. வருவாங்க."

மூட்டை தூக்குகிற ஒருவர் வந்தார். சுமையை இறக்கினார். ஒரு கடையின் மேசை விசிறிக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடி, பறக்கப் போகிறவர் மாதிரி நின்றார். ஒரு மூச்சு நேரம் இருக்கும். திவ்யா எடுத்துவிட்டாள். எடுத்ததோடு விடாமல் நேரே அவரிடம் போய்ப் படத்தைக் காட்டினாள்.

அவர் பார்த்தார், சிரித்தார். தமிழ்க்காரர்தான். "ஐயய்யோ, அக்குள்ல பனியன் கிழிசல் தெரியுதேம்மா! எங்கூட்டுக்காரி பாத்தா, ஊசி நூல் இல்லாத வூடான்னு ஊரே கேக்கும்னு என்னத் தொரத்துவா. வேணாம் தாயி, அழிச்சிடு."

அவர் கண் முன்னாலேயே அழித்தாள். அவர் போனதும் நான் கேட்டேன்.

"அவ்ளோ நல்லா இருந்துச்சே! கைய எறக்கிட்டு இன்னொருவாட்டி நில்லுங்கன்னு கேட்டிருக்கலாமே?"

"நிக்க வெச்சா ஆளு போய்டுவாருப்பா. சட்டதான் நிக்கும்."

"அதுக்காக அழிக்கணுமா?"

"அது அவரு மூஞ்சிப்பா. அவரு வேணாம்னா வேணாம்."

அன்றைக்கு அவள் ஒரு படம்கூட இல்லாமல் திரும்பினாள். முகத்தில் வருத்தமே இல்லை. ஒன்றும் கிடைக்காத நாளும் நல்ல நாள்தான் என்பதை நான் அவளிடம் அன்றுதான் பார்த்தேன்.

4

மூர்த்தி சார் அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர்தான், ஆனால் இந்தப் பக்கத்திலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் மகன் கல்யாண வரவேற்புக்கு முன்னால் ஒரு கருநீலக் கோட்டு என்னிடம் வந்தது. "ஜோப்பானப்பா குமார், துபாரி சாமான் இது" என்றார். கன்னடத்தில் "துபாரி" என்றால் விலை உயர்ந்தது. "ஜோப்பான" என்றால் பத்திரம்.

கோட்டைத் தேய்ப்பது சட்டை மாதிரி இல்லை. பெட்டியை நேராக வைத்தால் துணி பளபளத்து வீணாகிவிடும். மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். தோள்பட்டை இருக்கிறதே, அது பலகையில் படுக்காது. பெரிய கடைகளில் அதற்கு பொம்மை வைத்திருப்பார்கள். என்னைப் போன்றவர்கள் கோட்டுக்குள் கையை நுழைத்து, தோளில் ஏற்றி, மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு உடனே கழற்றிவிடுவோம். மாமா எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். "போடலாம். பட்டன் போடக் கூடாது. பட்டன் போட்டா அது வேற" என்பார். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கோடு தெரியும்.

அன்றைக்கு நான் பட்டன் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரு காலியாக இருந்தது. எதிரில் ஒரு கறுப்புக் கார் நின்றது. அதன் கண்ணாடியில் ஒருவர் தெரிந்தார். நெஞ்சு வரைக்கும் பார்த்தால் பெரிய ஆபீசர். ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். மற்றொரு கையை நீட்டி, காருக்குள் யாரோ மனுவோடு காத்திருக்கிற மாதிரி, "யெஸ், டெல் மீ" என்றேன். ஆபீஸ் ஆபீசாக நடந்த எனக்கு ஒரு நாளும் யாரும் சொல்லாத வார்த்தை அது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழற்றி, ஹேங்கரில் மாட்டி, மேல் வீட்டில் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

காலேஜிலிருந்து வந்த திவ்யா தெருமுனையில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

5

பிறகு ஒரு நாள் வந்து, "காலேஜ்ல படங்க வெச்சிருக்காங்க, ரெண்டு பேரும் வரணும்" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. கஸ்தூரி பட்டுப் புடவை கட்டினாள். நான் என் சட்டையை இரண்டு முறை தேய்த்தேன்.

கூடம் முழுக்கப் படங்கள். நிற்க வைத்து எடுத்த படம் எதுவும் கூடாது என்பதுதான் அங்கே ஒரே விதியாம். கடைசிச் சுவரில் நான் இருந்தேன். ஆள் உயரத்துக்கு.

கோட்டு, கோட்டுக்குக் கீழே கைலி, அதற்குக் கீழே தேய்ந்த செருப்பு. ஒரு ஓரத்தில் கரிப்பெட்டி புகைந்துகொண்டிருந்தது. கார் கண்ணாடியில் கோட்டு மட்டும் தெரிந்தது, கைலி தெரியவில்லை. என் முகத்தில் இருந்த சிரிப்பில் அப்பாவின் பல் இடைவெளி அப்படியே தெரிந்தது. அது எனக்கும் இருக்கிறது என்று அதுவரைக்கும் நான் கவனித்ததே இல்லை.

"இது எப்ப கண்ணு?"

"நீ பாக்காதப்ப" என்று சிரித்தாள். "புடிச்சிருக்காப்பா? வேணாம்னா சொல்லு, எறக்கிடறேன். ஒனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் முன்னாடி கேக்கல."

வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பரிசுக்கு அந்தப் படம்தான் முன்னால் இருக்கிறது என்று அவள் தோழி ஒருத்தி கஸ்தூரியிடம் சொன்னாள். என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லா இருக்கும்மா" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. அது மூர்த்தி சாரின் கோட்டு என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. திவ்யாவுக்கு அது யாருடையது என்று அப்போது தெரியாது. யாரோ ஒருவருடைய துணி, நான் மடிப்புப் பார்க்கப் போட்டது என்று நினைத்திருக்கிறாள்.

6

மூன்றாம் நாள் வாட்ச்மேன் நாகராஜ் சல்யூட் அடித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். "இன்னா அண்ணா, ஹீரோ ஆய்ட்டே! நம்ம அபார்ட்மெண்ட் குரூப்பு ஃபுல்லா நீதான்." அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணும் அதே காலேஜில் படிக்கிறாள். அவள் அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலம் மூர்த்தி சார் இறங்கி வந்தார். கையில் போன். கூட அவர் மனைவி. சார் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கோட்டுக் கையில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினார். மற்ற பட்டன்கள் கறுப்பு. அது மட்டும் பழுப்பு.

"ஏனப்பா குமார், இது இவ தெச்ச பட்டன் மாதிரி இருக்கே? நம்ம கோட்டா?"

தோள்பட்டை பார்க்கப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது எல்லா இஸ்திரிக்காரர்களும் சொல்கிற பதில். ஆனால் பட்டன் போட்டுப் பைக்குள் கைவிட்டுச் சிரிக்கிறவனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அந்தம்மா என் கைகளைப் பார்த்தார். அடுத்து அவர்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகள், ரவிக்கைகள் எல்லாம் அவர் மனதில் வந்துபோகிறது என்று எனக்குத் தோன்றியது.

"இல்ல சார்" என்றேன். "வாடகைக் கோட்டு சார். நாடக சாமான் கடைல எடுத்தது. பொண்ணுதான் காலேஜுக்கு வேணும்னு போடச் சொல்லி, கையி இப்டி வையி, இப்டி சிரின்னு நிக்க வெச்சி எடுத்துச்சி. வாடகைக் கோட்டு எல்லாத்துலயும் ஒரு பட்டன் இப்டி மாறித்தான் இருக்கும் சார்."

சார் முகம் தெளிந்தது. "ஹௌதா, அப்படியா! அதானே பார்த்தேன். கெட்டிக்காரப் பொண்ணு!" என்று மேலே போனார். தப்பித்தேன் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், பிள்ளைகளே. சந்தோஷமாக ஒரு டீ குடித்தேன்.

மூர்த்தி சார் நல்ல மனிதர். என் மகளைப் பாராட்டி அன்றைக்கே அந்த குரூப்பில் எழுதியிருக்கிறார்: வாடகைக் கோட்டு மாட்டி, அப்பாவை நடிக்க வைத்து, எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறாள் என்று.

7

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது கஸ்தூரி அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"உங்க பொண்ணு படத்த எறக்கிட்டா."

"யாரு எறக்கச் சொன்னது?"

"நீங்கதான்."

குரூப்பில் படத்தை அனுப்பிய அந்தக் குடியிருப்புப் பெண் சாரின் பாராட்டைக் காலேஜில் சொல்லியிருக்கிறாள். படச் சங்கத்து மேடம் திவ்யாவைக் கூப்பிட்டு, நிற்க வைத்து எடுத்தாயா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றால் கோட்டு யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அது அந்தப் பெண் வழியாகத் திரும்பக் குடியிருப்புக்கு வரும். வாடகைக் கோட்டு என்று கேட்டதுமே, அது சாருடைய கோட்டு, அவருக்குப் பயந்து நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று திவ்யாவுக்குப் புரிந்துவிட்டது. "ஆமா மேடம், போஸ்தான்" என்று சொல்லி, தன் கையாலேயே படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். "அப்பாக்கு எடம் போய்டும்மா" என்று மட்டும் கஸ்தூரியிடம் சொன்னாளாம்.

அன்று அவள் என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். ரசம் கேட்டாள். நான் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் மூர்த்தி சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். "சார், அது உங்க கோட்டுதான். யாரும் நிக்க வெக்கல. நானாதான் போட்டுப் பாத்தேன்." சொல்லும்போது என் கண் அவர் வாசல் கோலத்திலேயே இருந்தது. "கேட்டப்பவே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன் குமார்" என்றார் சார். அந்தம்மா உள்ளே போய்விட்டார். கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

திங்கட்கிழமை காலேஜுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைக் கன்னடத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேடம் முன்னால் எல்லாம் குழம்பியது. "என் பொண்ணு பொய் எடுக்கல மேடம். நான்தான் பொய். படம் நிஜம்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னேன். மேடம் திவ்யாவை வரச் சொன்னார்.

அவள் வந்து என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மேடம் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா எனக்காகச் சொல்றார் மேடம். போஸ்தான்."

மேடம் அவளை நம்பினார். என்னை நம்பவில்லை. மகளுக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்று பொய் சொல்ல வந்த அப்பாவாக நான் அங்கே நின்றேன். அவர் கோபப்படவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "ஒள்ளே அப்பா" என்றார். நல்ல அப்பா. என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"ஏம்மா அப்டி சொன்ன? நான்தான் நெஜத்த சொன்னேனே."

"எடம் போய்டும்ல?"

"சார்கிட்ட நேத்தே சொல்லிட்டேன் கண்ணு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கலாம்லப்பா" என்றாள். எங்கள் ஸ்டாப்பில் இறங்கினோம். மறுபடி காலேஜில் போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். "இன்னும் எத்தினி வாட்டி மாத்தி மாத்தி சொல்றது?" என்றாள். பரிசு வேறு ஒரு படத்துக்குப் போனது. அதுவும் நல்ல படம்தான் என்றாள்.

8

என் இடம் போகவில்லை. மூர்த்தி சார் யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு மாதம் அவர்கள் வீட்டுத் துணி வராமல் இருந்து, இப்போது சட்டைகள் வருகின்றன. கோட்டு வருவதில்லை.

எதற்காகப் பொய் சொன்னேனோ அந்த இடம், உண்மையைச் சொன்ன பிறகும் இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போயிருந்தாலாவது ஏதோ ஒன்றுக்குப் பதில் ஒன்று கொடுத்த மாதிரி இருந்திருக்கும்.

திவ்யா ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறாள். போன வாரம் திரும்பி வரும்போது என் வண்டியருகில் நின்று தெருவை எடுத்துக்கொண்டிருந்தாள். டீக்கடையை எடுத்தாள். வாட்ச்மேன் கொட்டாவி விடுவதை எடுத்தாள். போன் என் பக்கம் வந்ததும் கையை இறக்கினாள்.

"என்ன எடுக்கலியாம்மா?"

"இல்லப்பா."

"வேணாம்னு நான் சொல்லலியே."

"நான் போனத் தூக்கினா ஸ்டுடியோல நிக்கிற மாதிரி நிமிந்துக்கிறப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "தூக்காதப்பவும் நிமிந்துதான் இருக்க. ரொம்ப நாளா."

சொல்லிவிட்டு, தேய்த்து வைத்திருந்த துணிகளில் வீட்டுக்கானதை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தோளைத் தளரவிட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் தோள் தளரவில்லை.